இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும்

டென்மார்க் யார் யாரிடம் எதை எதைப் பறிகொடுத்தது என்று என்னைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இப்போது சொல்வேன். ஸ்கோனே சுவீடனுக்கு. பிறகு நோர்வே, அதுவும் சுவீடனுக்கு. ஸ்லேஸ்விக், ஹோல்ஸ்டைன் இரண்டும் ஜெர்மன்காரருக்கு. தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு, விலைக்கு. கரீபியனில் மூன்று தீவு அமெரிக்காவுக்கு, அதுவும் விலைக்கு. ஐஸ்லாந்து மட்டும் யாரிடமும் போகவில்லை. இரண்டாம் உலகப் போர் என்று வீட்டில் பெரிய சண்டை நடந்த நேரம் பார்த்துத் தனிக்குடித்தனம் போய்விட்டது.

இலங்கையில், சுன்னாகத்தில் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிற எனக்கு இந்த விபரமெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு வேண்டாம்தான். என் தங்கை கௌரிக்கு வேண்டியிருந்தது. அவள் இருபத்தெட்டு வருஷமாக டென்மார்க்கில் இருக்கிறாள். கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரில் வீடு. பக்கத்து ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. குடியுரிமைப் பரீட்சையில் இரண்டு தரம் தவறிவிட்டாள். மூன்றாம் தரம் எழுதப் போகிறேன், பக்கத்தில் இருந்து கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும், இவர் கேட்டால் சண்டை வருகிறது, நீங்கள் வாங்கோ என்றாள். போனேன்.

பில்லுண்ட் விமான நிலையத்தில் வேலை உடுப்போடு நின்றாள். நாங்கள் கடைசியாக நேரில் பார்த்து எட்டு வருஷம்.

"அண்ணை, நல்லா நரைச்சுப் போனியள்."

"உனக்கு மட்டும் என்ன, கறுப்பு மை பூசினாப்போலை தெரியாதோ?"

சிரித்தாள். சிரித்து முடியக் கொட்டாவி விட்டாள். காரில் ஏறியதும் என் மடியில் ஒரு கொப்பியை வைத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சதுரக் கோட்டுக் கொப்பி. பரீட்சைப் பாடம் முழுவதையும் தமிழில் கேள்வி பதிலாக எழுதி வைத்திருந்தாள். வாயில் வராத டேனிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்திருந்தாள். முப்பது மணித்தியாலம் விமானங்களிலும் விமான நிலைய வாங்குகளிலும் கிடந்து வந்தவனுக்கு முதல் வரவேற்பு, "வாசிச்சுக்கொண்டு வாங்கோ அண்ணை, பதினெட்டு நாள்தான் கிடக்கு" என்பதுதான்.

அந்த அவசரத்தின் காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கௌரி அகதியாகப் போனவள். அவளிடம் இருப்பது பாஸ்போர்ட் அல்ல, அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் பத்திரம். அதில் அச்சடித்த ஒரு வரி இருக்கிறது: இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும். பெரு நாட்டுக்குப் போகலாம், மொங்கோலியாவுக்குப் போகலாம், சுன்னாகத்துக்குப் போக முடியாது. அதனால் அம்மாவை நாங்கள் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போவோம், அவள் இங்கிருந்து வருவாள். இரண்டு தரம் அப்படிச் சந்தித்தோம். திருச்சிதான் எங்கள் குடும்பத்துக்கு நடுநிலை நாடு. அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு. கட்டிலில் இருந்து வாசல் வரை வருவதற்கு இரண்டு பேர் வேண்டும். இனித் திருச்சி இல்லை. கௌரி அம்மாவைப் பார்ப்பதென்றால் டேனிஷ் பாஸ்போர்ட் வேண்டும், அதற்கு முதல் படி இந்தப் பரீட்சை. அது வருஷத்தில் இரண்டே தரம் வரும். தவறினால் அரை வருஷம். அம்மாவின் கணக்கில் அரை வருஷம் எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரியாது.

வைகாசி மாதம் அங்கே வெயில் இராப் பத்து மணி வரை போக மறுக்கிறது. விடிய நாலரைக்குத் திரும்ப வந்து யன்னலில் நிற்கிறது. கடன்காரன்கூட இவ்வளவு விடியக் கதவைத் தட்ட மாட்டான். முதல் வாரம் எனக்கு நித்திரையே இல்லை. கௌரியின் புருஷன் பரம், என் மச்சான், கறுத்த சீலை ஒன்றை யன்னலில் ஆணி அடித்துத் தந்தார். அவர் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் விடிகாலை வேலைக்குப் போகிறவர். சட்டம் இலேசாக இருந்த காலத்தில் குடியுரிமை எடுத்துவிட்டார். "அப்பவே எடு எண்டு சொன்னனான் மச்சான். பிள்ளை சின்னன், பிறகு பாப்பம் எண்டாள். பிறகு பாத்தா, ஒவ்வொரு வருசமும் ஒரு பூட்டுக் கூடிப்போச்சு."

காலைச் சாப்பாடு கறுத்த பாண். செங்கல் கனம், மென்றால் தாடை நோகும். டேனிஷ்காரர் அதன்மேல் மீனோ ஈரலோ வைத்துத் தின்கிறார்கள். கௌரி கட்டைச் சம்பல் வைக்கிறாள். நின்றபடியே ஒரு கையில் பாண், மறு கையில் பக்கட்டில் போடுகிற பெயர் அட்டை. நான் கொப்பியைப் பார்த்துக் கேட்பேன்.

"சுவீடனுக்கு ஸ்கோனேயை எப்ப குடுத்தது?"

"ஆயிரத்து அறுநூற்றி ஐம்பத்தெட்டு."

"நோர்வேயை?"

"ஆயிரத்து எண்ணூற்றிப் பதினாலு. அண்ணை, அந்தச் சொல்லிலைதான் நான் போன முறை விழுந்தனான்."

சொல் 'அவ்ஸ்டோ'. ஒரு நாடு தன் நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பதற்கு டேனிஷ் உடன்படிக்கைகளில் வருகிற வினைச்சொல். கௌரிக்குத் தெரிந்தது 'அவ்ஸ்டான்', தூரம். வேலை இடத்தில் தினமும் கேட்கிற சொல். ஆகவே நோர்வேயை அவ்ஸ்டோ செய்தது என்றால், நோர்வேயிலிருந்து தள்ளி நின்றது என்று எடுத்துவிட்டாள். கட்டில்களுக்கு நடுவே கற்ற மொழி அவளுடையது. தொண்ணூறு வயதுக் கிழவியைக் குளிப்பாட்டவும் ஆறுதல் சொல்லவும் அதில் எல்லாம் இருக்கிறது. உடன்படிக்கை மட்டும் இல்லை.

"தமிழிலை என்னெண்டு எழுதுறது?" என்றாள்.

"விட்டுக்கொடுத்தது எண்டு எழுது."

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "விட்டுக்குடுக்கிறதோ? நான் இவருக்கு விட்டுக்குடுக்கிறன், அது விட்டுக்குடுக்கிறது. அவங்கள் பீரங்கியோடை வந்து வாசல்லை நிண்டு வாங்கினது. அதுக்கும் அதுதான் பேரோ?"

"காகிதத்திலை எழுதேக்கை அப்பிடித்தான் எழுதுவினம்."

"அப்ப காகிதம் பொய் சொல்லும்."

"மரியாதையாப் பேசும்" என்றேன். அதைச் சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் கொப்பியில் 'விட்டுக்கொடுத்தது' என்றுதான் எழுதினாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லில் தவறவில்லை.

ஐந்தாம் நாள் அவள் மதியச் சாப்பாட்டை மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். கொண்டுபோய்க் கொடுப்போம் என்று பஸ் ஏறினேன். அந்தப் பக்கத்தில் பஸ் என்பது திருவிழாவுக்குச் சாமி வெளியே வருவது மாதிரி. எல்லாரும் கார் வைத்திருக்கிறார்கள். உள்ளே நானும் ஒரு கிழவியும்தான். இறங்கும் இடம் தெரியும், தேவாலயமும் பெற்றோல் நிலையமும். தேவாலயம் வந்தது. எழுந்து கதவடியில் நின்றேன். நம் ஊரில் அப்படி நின்றால் போதும், நடத்துநர் 'இறக்கம்' என்று கத்துவார். இங்கே நடத்துநரும் இல்லை, கத்தலும் இல்லை. தேவாலயம் பின்னால் போய்ச் சின்னதாகி மறைந்தது. நானும் சோற்றுப் பெட்டியுமாக வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம்.

கடைசித் தரிப்பிடத்தில் சாரதி திரும்பிப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் இருந்த ஆங்கிலம் ஒரே அளவு, அதனால் நன்றாக விளங்கியது. பொஸ்னியாக்காரர். என் நிலைமையைக் கேட்டுவிட்டு, திரும்பிப் போகும்போது இறக்கிவிடுகிறேன், அரை மணித்தியாலம் பொறு என்று தன் பிளாஸ்கில் இருந்து கோப்பி ஊற்றித் தந்தார். தார் மாதிரிக் கோப்பி. தங்கையின் பரீட்சையைப் பற்றிச் சொன்னேன்.

"நானும் எழுதினேன்" என்றார். "நான் பிறந்தபோது கிடைத்த நாடு இப்போது வரைபடத்தில் இல்லை. பரீட்சையில் கேட்டார்கள், டென்மார்க் எத்தனை வயது நாடு என்று. ஆயிரம் வருஷத்துக்கு மேல் என்று எழுதினேன். எழுதும்போது பொறாமையாக இருந்தது." பிறகு மேலே இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினார். "இங்கே யாரும் உன் முகத்தைப் பார்த்து நிறுத்த மாட்டார்கள். அழுத்த வேண்டும்."

சோறு போய்ச் சேர்ந்தபோது கௌரியின் இடைவேளை முடிந்துவிட்டது. குளியலறைக்கு வெளியே நின்று நாலு வாய் அள்ளிப் போட்டாள்.

பக்கத்து வீட்டு ஹென்னிங் முன்பு லொறி ஓட்டியவர், எழுபது வயது, தோட்டத்துப் புல்லை மனைவியைப் போலக் கவனிக்கிறவர். ஒரு பின்னேரம் வேலிக்கு மேலாகக் கௌரி அவரிடம் கேள்வி கேட்டாள். அவள்தான் எனக்கு மொழிபெயர்த்தாள். ஐஸ்லாந்து எப்போது பிரிந்தது? தெரியாது. கப்பல்களிடம் கடலிடுக்கில் வரி வாங்கியதை எப்போது நிறுத்தினார்கள்? வரி வாங்கினார்களா? நேட்டோவில் எப்போது சேர்ந்தது? தலையைச் சொறிந்தார். ஐரோப்பிய உடன்படிக்கைக்கு மக்கள் வேண்டாம் என்று வாக்களித்தது?

"தொண்ணூற்றி இரண்டு!" என்று கத்தினார். "அதே மாதம் காற்பந்தில் ஐரோப்பாவை வென்றோம். வேண்டாம் என்றும் சொன்னோம், அடித்தும் காட்டினோம். மற்றதெல்லாம் புத்தகம்." அவள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். "பனிக்கட்டியின்மேல் மாடு இல்லை." பயப்பட ஒன்றும் இல்லை என்பதற்கு டேனிஷ்காரர் சொல்வது. பழமொழி என்றால் எனக்குப் பாயசம், அன்று முழுக்க அதையே சொல்லித் திரிந்தேன். கௌரிக்கு எரிச்சல் வந்தது. "அவருக்கு மாடு இல்லை அண்ணை. பிறக்கேக்கையே பாஸ்போர்ட்டோடை பிறந்தவர். எனக்குத்தான் மாடு நிக்குது."

ஞாயிற்றுக்கிழமை பரம் எங்களைக் காரில் ஏற்றி எல்லை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். தெற்கே அரை மணித்தியாலம். 'கொங்கே ஓ' என்று ஒரு ஆறு. 'ஓ' என்றாலே டேனிஷில் சிற்றாறுதானாம், ஒற்றை எழுத்தில் ஒரு ஆறு. அதற்கு மேல் எழுத்துத் தேவையும் இல்லை, தண்ணீர் அவ்வளவுதான். ஆயிரத்து எண்ணூற்றி அறுபத்து நாலில் தோற்ற பிறகு ஐம்பத்தாறு வருஷம் இந்த வாய்க்கால்தான் டென்மார்க்கின் எல்லை. அந்தக் கரையில் டேனிஷ் பேசிய சனம் ஜெர்மன் படையில் சேர்ந்து சாக வேண்டியிருந்தது. முதலாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றபின் வாக்கெடுத்து, ஒரு பாதியைத் திருப்பி வாங்கினார்கள்.

"வல்லவன் வகுத்தது வாய்க்கால் எண்டு சும்மாவே சொன்னவை" என்றேன்.

"ஆனையிறவு மாதிரி ஒரு சோதனைச் சாவடியும் இருந்திருக்கும்" என்றார் பரம். "பொதியை அவிழ், அடையாள அட்டையை எடு."

இரண்டு வாத்துகள் எல்லையைக் கடந்து போய்விட்டுத் திரும்ப வந்தன. கௌரி பாலத்துக் கைபிடியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். நித்திரை என்று நினைத்தேன். நான் கொப்பியில் அடுத்த பக்கத்தை எடுத்தேன். வேண்டாம் என்று சொன்ன பிறகு டென்மார்க் ஐரோப்பாவோடு மறுபடி பேசியது. சேருகிறோம், ஆனால் நாலு விஷயம் தவிர என்றது. பொது நாணயம் தவிர, பாதுகாப்பு தவிர, நீதி தவிர, ஒன்றியக் குடியுரிமை தவிர.

"இதிலை எது பிறகு இல்லாமப் போனது?"

"பாதுகாப்பு" என்றாள், கண் திறக்காமல். "உக்ரேன் சண்டை தொடங்கின வருசம். வாக்கெடுத்து நீக்கினவை. இந்தப் பக்கம் எனக்குப் படிக்கத் தேவையில்லை அண்ணை. 'தவிர' எண்ட சொல்லை எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை." பிறகு மெதுவாகச் சொன்னாள். "இவைக்கு ஒரு உடன்படிக்கையிலை நாலு 'தவிர'. தாங்களாக் கேட்டு வாங்கினவை. எனக்கு ஒண்டுதான். நான் கேக்கேல்லை."

பரம் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றியும் விசாரித்துப் பார்த்தேன். இலங்கைக்கு டென்மார்க்கில் தூதரகம் இல்லை, ஸ்டொக்ஹோமில் இருப்பவர்தான் இதையும் பார்க்கிறார். டென்மார்க்குக்குக் கொழும்பில் இல்லை. பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் சுகம் விசாரிக்கிற உறவு. நானூறு வருஷத்துக்கு முன்னர் டேனிஷ் கப்பல்கள் கண்டி ராசாவோடு ஒப்பந்தம் பேச வந்து, அது சரிவராமல் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பித் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியிருக்கின்றன. "முதல் முதலிலை ஆற்றை நாட்டுக்கு ஆர் விசா இல்லாமல் வந்தது எண்டு பாத்தியளே" என்றார் பரம். சின்ன நாடு என்றால் மத்தளம், இரண்டு பக்கமும் இடி. டென்மார்க்கும் இங்கிலாந்தின் கையிலும் ஜெர்மனியின் கையிலும் அடி வாங்கியது. இப்போது பழைய நண்பன் அமெரிக்காவே கிறீன்லாந்தைத் தா என்று கேட்கிறது. வேலைக்குப் போகிற இடமெல்லாம் அதுதான் கதை என்றாள் கௌரி. முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் தினமும் கேட்பாராம்: "இன்னும் நம்மிடம்தான் இருக்கிறதா?" ஓம், இருக்கு என்று சொல்லிப் போர்வையை இழுத்து விடுவாளாம்.

பரீட்சைக்கு முதல் நாள் வேலை இடத்தில் இரண்டு பேர் சுகவீனமென்று லீவு. கௌரி காலை வேலையோடு பின்னேரத்தையும் சேர்த்துச் செய்துவிட்டு வந்தாள். கதவைத் திறந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் நிலத்தில் இருந்தாள். நான் புத்தியில்லாமல் கொப்பியோடு போய் நின்றேன்.

"வாக்கெடுப்பு எந்த..."

"காணும் அண்ணை."

"இன்னும் ரண்டு பக்கம்தான் பிள்ளை."

"காணும் எண்டு சொல்லுறன்!" கொப்பி என் கையிலிருந்து பறந்து சப்பாத்துத் தட்டில் விழுந்தது. "அவை ஐம்பத்தாறு வருசம் பொறுத்திருந்து நிலத்தைத் திருப்பி எடுத்தவை. அதை நான் பெருமையாப் பாடமாக்க வேணும். எத்தினையாம் ஆண்டு, எத்தினை வாக்கெடுப்பு வலயம், ராசா வெள்ளைக் குதிரையிலை எல்லையைத் தாண்டி வந்தது. நான் இருபத்தெட்டு வருசம் பொறுத்தது எந்தக் கேள்வியிலை வருது? அப்பாவின்ரை செத்தவீட்டை நான் ஃபோனிலை பாத்தது எந்தக் கேள்வியிலை வருது? இவையின்ரை தாய் தேப்பனை நான் கழுவித் துடைக்கிறன். என்ரை தாயை ஆர் துடைக்கினம்?"

என் மனைவி, என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை சொல்லவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், ஒரு தரமாவது தவளை வாயை மூடியது. பக்கத்தில் இருந்தேன். அவள் சப்பாத்து நாடாவை அவிழ்த்துவிட்டேன். "சம்பல் கிடக்கோ?" என்று கேட்டாள்.

பரீட்சைக்குப் பக்கத்து ஊர்களில் இடம் நிரம்பிவிட்டதால் விபோர்க்கில்தான் கிடைத்திருந்தது. புதன்கிழமை, பகல் ஒரு மணி. பரம் அன்றைக்கு லீவு போட்டுக் காரை ஓட்டினார். பாதி வழியில்தான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது.

"புதன் பன்னிரண்டிலை இருந்து ஒண்டரை ராகு காலம் மச்சான்."

பரீட்சை ஒரு மணிக்கு, நேரே ராகுவின் வாய்க்குள். ஆனால் பரம் தொழிற்சாலைக்காரர், எதையும் அளந்து பார்க்கிறவர். ராகு காலம் என்பது சூரிய உதயத்தில் இருந்து கணக்குப் பார்ப்பது. ஊரில் ஆறு மணிக்கு விடிகிறது, இங்கே நாலே முக்காலுக்கு முன்னமே விடிகிறது. பகல் பதினேழு மணித்தியாலம். எட்டால் பிரித்தால் ஒரு பங்கு இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலே, புதனுக்கு ஐந்தாம் பங்கு. விபோர்க்கின் ராகு காலம் ஒன்று பதின்மூன்றுக்குத்தான் தொடங்குகிறது என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தார். "ஒரு மணிக்குப் பேப்பர் தருவினம். கௌரி, பதின்மூண்டு நிமிசம் இருக்கு. அதுக்குள்ளை முதல் விடையைப் போட்டிடு. தொடங்கின காரியத்தை ராகு ஒண்டும் செய்யான்."

"விசரே உங்களுக்கு?" என்றாள் கௌரி.

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். "போட்டிட்டா மனசுக்கு ஒரு நிம்மதிதானே பிள்ளை" என்றேன்.

கௌரியின் மகள் ஆரணி ஓகூஸ் நகரில் படிக்கிறவள், அங்கிருந்து நேரே வந்து மண்டப வாசலில் தாயைக் கட்டிப்பிடித்தாள். அவள் பேசுவது டேனிஷில், நாங்கள் விடை சொல்வது தமிழில், இரண்டு பக்கமும் விளங்கும். உள்ளே போனவர்களைப் பார்த்தேன். சிரியாக்காரர், போலந்துக்காரர், ஒரு ஆங்கிலேயர்கூட. ஒரு காலத்தில் கோபன்ஹேகன்மேல் குண்டு போட்ட நாட்டுக்காரர், கையில் பேனையோடு வரிசையில் நின்றார்.

ஏரிக்கரையில் ஒரு கடையில் கோப்பியும் இலவங்கப்பட்டைச் சுருள் பாணும் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று பேரும் மணிக்கூட்டைப் பார்த்தோம். ஒன்று பதின்மூன்றானதும் பரம் பெருமூச்சு விட்டார்.

கௌரி வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. காரில் ஏறினாள். ஆரணி தாளை எடுத்து, ஞாபகம் இருக்கிறவரை சொல்லு அம்மா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தொலைபேசியில் பார்த்துச் சரி போட்டாள். நாற்பத்தைந்து கேள்விக்கு முப்பத்தாறு சரி வேண்டும். முப்பத்தைந்து வந்து நின்றது. ஒன்பது பிழை.

"நாற்பத்து நாலுதானே. முதல் கேள்வி?" என்று ஆரணி டேனிஷில் கேட்டாள்.

கௌரி முன் கண்ணாடிக்குள்ளால் வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அது கடல் வரியைப் பற்றி. பேப்பர் பிந்தித்தான் தந்தவை, மணிக்கூடு ஒண்டு பன்னிரண்டு. ராகு வருது எண்டு ஒரு பெட்டியிலை புள்ளடி போட்டன். எந்தப் பெட்டி எண்டு தெரியாது. பிறகு திரும்பிப் பாக்க நேரம் கிடைக்கேல்லை."

ஆரணி என்னைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். டேனிஷில் ஒரு சொல் சொன்னாள். அதைப் பரம் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. கிரின்ஸ்டெட் வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேலே. கௌரி வாய் திறந்தபடி நித்திரையாகிவிட்டாள். நானும் பரமும் குற்றவாளிக் கூண்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள் மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டே வந்தோம்.

முடிவு வரச் சில கிழமை எடுத்தது. நான் பயணத்தைத் தள்ளிப் போட்டேன். கேள்வி கேட்க ஒன்றும் இல்லாத வீட்டில் நான் பாத்திரம் கழுவினேன், ஹென்னிங்கின் புல்வெட்டும் இயந்திரத்துச் சங்கிலியைச் சரிபண்ணிக் கொடுத்தேன். பரம் பஞ்சாங்கத்தை அலுமாரியின் மேலே தூக்கிப் போட்டுவிட்டார். அம்மா ஃபோனில் ஒவ்வொரு நாளும் கேட்டாள், சோதினை என்னவாம் என்று. "இன்னும் சொல்லேல்லை அம்மா" என்பது என் விடை. அந்த ஒரு பெட்டியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. உடன்படிக்கை எழுதுகிறவர்கள் ஏன் மரியாதையாகப் பேசுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இங்கே தபால்காரர் வருவதில்லை, அரசாங்கக் கடிதம் தொலைபேசிக்குள் வருகிறது. ஒரு சனிக்கிழமை கௌரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கை ஈரம். "அண்ணை, அதிலை என்ன வந்திருக்கு எண்டு பாருங்கோ" என்றாள். எனக்கு டேனிஷ் வாசிக்கத் தெரியாது. பரம் வந்து வாங்கி வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார்.

"பாஸ்."

உடனேயே ஆளுக்கு உயிர் வந்துவிட்டது. "பாத்தியளே மச்சான்! ஒண்டு பதின்மூண்டு எண்டு நான் சொன்னனானோ இல்லையோ!"

"இன்னொரு கேள்வி சரியா இருந்திருக்கும், பேசாமல் இருங்கோ" என்றாள் கௌரி. கத்தியை வைத்தாள். கையைக் கழுவினாள், துடைத்தாள், திரும்பவும் கழுவினாள்.

சந்தோஷம் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் நின்றது. அதற்குப் பிறகு ஆரணி ஃபோனில் மிச்சத்தைச் சொன்னாள். இனி விண்ணப்பம். விண்ணப்பத்துக்கு வரிசை. பிறகு பெயரைப் பட்டியலில் சேர்த்து நாடாளுமன்றம் சட்டமாக நிறைவேற்ற வேண்டும், ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் சொல்லி. பிறகு நகரசபைக்குப் போய்க் கைகுலுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட். எல்லாம் சேர்த்து இரண்டு வருஷம் வரலாம் என்றாள். குறைத்துச் சொல்கிற பழக்கம் அந்தப் பிள்ளைக்கு இல்லை.

அம்மாவுக்கு நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், நானே சொல்கிறேன் என்று கௌரி கூப்பிட்டாள். என் மனைவி ஃபோனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தது.

"அம்மா, நான் பாஸ்."

"பாஸோ! முருகா. அப்ப எப்ப வாறாய்?"

கௌரி என்னைப் பார்த்தாள். கெதியிலை எண்டு சொல்லு என்று வாயசைத்துக் காட்டினேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"ரண்டு வருசம் செல்லும் அம்மா. ரண்டு வருசம். நான் சும்மா சொல்லேல்லை."

அம்மா தொண்டையைச் செருமினாள்.

"ரண்டே? எண்பத்தெட்டு. சரி, இருந்து பாக்கிறன்." மனைவியிடம் திரும்பி, "பிள்ளை, அந்த மத்தியானக் குளிசையை எடு, நான் இன்னும் போடேல்லை" என்றாள்.